கிலோமீட்டர் 143

வருடத்துக்கு ஒரு வாளி மஞ்சள்,
அரை டப்பா கறுப்பு.
மே மூன்றுக்குள் முடித்தாக வேண்டும்.
அன்று சிலுவைத் திருநாள்,
கொத்தனார்களும் சாலைக்காரர்களும்
காகிதப் பூ கட்டிய சிலுவையடியில் உட்கார்ந்து
பகலிலேயே குடிக்கிற நாள்.

சியெரா மாத்ரே மலை
முழங்கையை மடக்கியதுபோல ஒரு வளைவு.
அங்கே நிற்கிறான் சிமெண்ட் மனிதன்.
சாலை போட்டு மிஞ்சிய சிமெண்ட்தான்.
சம்மட்டி என்றைக்கோ உடைந்து விழுந்து
முஷ்டிக்குள் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது.
பனிமூட்டத்தில் பார்த்தால்
மீன் பிடிக்கக் கிளம்பியவன் மாதிரி இருப்பான்.
நான் அவனுக்குத் தொப்பி, பூட்ஸ், மேல்சட்டை மூன்றுக்கும்
ஒரே மஞ்சளை அடிக்கிறேன்.
இலாகா தருவது அது ஒன்றுதான்.

காலடியில் பத்தொன்பது பெயர்கள்.
வெடியில் சிலர், சரிவில் சிலர்,
ஒருவர் காய்ச்சலில்.
எழுத்துப் பள்ளங்களில் கறுப்பை வழியவிட வேண்டும்,
ஈறில் மருந்து தடவுவதுபோல,
அவசரப்படாமல்.

மரம் ஏற்றிய லாரிகள்
இங்கே இரண்டு முறை ஹாரன் அடிக்கும்.
இறந்தவர்களுக்கு மரியாதை என்பார்கள்.
எதிரே வண்டி வருகிறதா என்ற பயமாகவும் இருக்கலாம்.

சாலைக்கு அந்தப் பக்கம் பஞ்சர் கடை.
ஏழு வருடமாக அங்கேதான் காற்றடிக்கிறேன்,
கடைக்காரரின் பெயரைக் கேட்டதில்லை.
இந்த வருடம்
பன்னிரண்டாவது பெயரில் தூரிகையை வைத்தபோது
டயர் நெம்பும் இரும்போடு வந்து நின்று,
"அது நான்" என்றார்.

நிக்கானோர் பராஹாஸ்.

செத்தவன் எலாதியோ, சித்தப்பா மகன்.
பதினைந்து வயசு.
பதினெட்டு ஆகாதவனை வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்று
என் ஞானஸ்நானச் சீட்டைக் கொண்டுபோனான்.
நான் அப்போது சினலோவாவில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தேன்.
திரும்பி வந்தால் எனக்குப் பூசை முடிந்திருந்தது.
என் சாவுக்கு என் அம்மாவிடம் பணம் கொடுத்திருந்தார்கள்.
அம்மா அதை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை,
அப்படியே கொண்டுபோய்
அவன் அம்மா மடியில் வைத்துவிட்டாள்.
ஓட்டுச் சீட்டு வாங்க
எனக்கு நாலு வருஷம் ஆச்சு.

சிரித்தார்.
நானும் சிரித்தேன், பிறகு நிறுத்தினேன்.

பெயர் மாற்ற உத்தரவு வேண்டும் என்றேன்.
மூன்று முத்திரை, துரங்கோ அலுவலகம்.
எனக்கே அசிங்கமாக இருந்தது.
டப்பாவில் ஒரு விரல் ஆழத்துக்குக் கறுப்பு மிச்சம்.
அதைக் கல்லின் மேலேயே வைத்தேன்,
தூரிகையைக் குறுக்கே கிடத்தினேன்.
"சாப்பிட்டுவிட்டு வருகிறேன்,
அரை மணி ஆகும்,
எனக்குப் பின்புறம் கண் கிடையாது."

ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தேன்.
டப்பா வைத்த இடத்திலேயே.
தூரிகை மயிர் காய்ந்து கட்டையாகியிருந்தது.
கல்லில் ஒரு கீறல் இல்லை.

லாரிச் சக்கரத்துக்கடியில் பாதி உடம்பு,
அங்கிருந்து குரல் மட்டும்:
அவன் பேரை எழுத வந்தேன்.
ஆனா அவன் பேரை
அவனே ஒருநாளும் எழுதினதில்லை.
பள்ளிக்கூடம் போகாதவன்.
சனிக்கிழமை சம்பள ஏட்டில் போட
என் பேரைத்தான் கரித்துண்டால்
பாறை பாறையா எழுதிப் பழகினானாம்.
கூட இருந்தவங்க சொன்னாங்க.
அவன் கத்துக்கிட்ட எழுத்து அது மட்டும்தான்.
அதை எப்படி அழிக்க?

பிறகு
பதினாறாம் நம்பர் நெம்புகோலை எடுத்துத் தரச் சொன்னார்.
எடுத்துத் தந்தேன்.

காய்ந்த தூரிகையை மண்ணெண்ணெயில் ஊறவைத்து
பன்னிரண்டாவது வரியை முடித்தேன்.
கடைசி எழுத்துக்குக் கறுப்பு போதவில்லை.
அடுத்த வருடம்
முக்கால் டப்பா கேட்டு எழுத வேண்டும்,
காரணம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை.

இறக்கத்தில் ஒரு லாரி.
இரண்டு ஹாரன்.
சக்கரத்துக்கடியிலிருந்து
கிரீஸ் படிந்த ஒரு கை
பாதி உயர்ந்து இறங்கியது.